வெள்ளத்தின் வழியும் நிலத்தின் படமும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோயிற்று. மேலே செல்ல வேண்டிய பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. வண்டியிலிருந்த பிரயாணிகள் ஏறக்குறைய 800 பேர். அவர்களில் பெரும்பாலோர் 19-ந் தேதி வரையில் சுற்றிலும் ஜலம் சூழ்ந்த அந்த ஸ்டேஷனிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் பட்ட பாட்டை அக்காலத்துப் பத்திரிகைகள் விவரமாக எழுதின. அவற்றை மறுபடியும் இங்கே சொல்லுவது நமது நோக்கமன்று.

18-ந் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் பெய்தது அதிகம். சென்டிமீட்டர் என்று சொன்னால் பலருக்கு அதன் பரிமாணம் மனதில் படுவதில்லை. ஒரு சதுர மைல் பூமியில் 95 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அந்த ஜலம் ஏறக்குறைய 8 கோடியே 70 லக்ஷம் கன அடியாகும். அவ்வளவும் எங்கேயாவது ஓர் இடத்துக்குப் போய்த்தானே தீர வேண்டும்!

அந்த வெள்ளம் வடிவதற்கு முன்பே ராஜ்ய சர்க்காருக்கும் மத்திய சர்க்காருக்கும் இடையே ஒரு விவகாரம் எழுந்தது. எச்சரிக்கையை முன்னதாகவே கொடுத்துவிட்டோம் என்றது ஒரு தரப்பு. வந்த எச்சரிக்கை தாமதமாக வந்தது, பெய்த மழைக்கும் சொன்ன மழைக்கும் சம்பந்தமே இல்லை என்றது மற்றொரு தரப்பு. வக்கீல்கள் ஒரு வழக்கைக் கையில் எடுத்தால் விவாதத்துக்குரிய விஷயம் எது என்பதை முதலில் நிர்ணயம் செய்துகொள்வது வழக்கம். இந்த வழக்கில் இரு தரப்பாரும் அதைச் செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு வாதத்துக்காக, 17-ந் தேதி காலையிலேயே "இன்றிரவு காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்யும்" என்று துல்லியமாகத் தந்தி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தந்தியைக் கையில் பெற்ற தாசில்தார் என்ன செய்திருப்பார்? ஏரலில் எந்தத் தெருவைக் காலி செய்வது, எந்தக் குளத்தின் கரையில் ஆட்களை நிறுத்துவது, எந்தப் பாலத்தை எத்தனை மணிக்கு அடைப்பது, ரெயிலை எந்த ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைப்பது என்பவற்றுக்கெல்லாம் வானிலைச் சாஸ்திரத்தில் விடை கிடையாது. மேகம் எங்கே கொட்டும் என்பதை அது சொல்லலாம். கொட்டிய நீர் எங்கே ஓடும் என்பதை நிலம்தான் சொல்லும். நிலத்தைக் கேட்டறிய வேண்டுமானால் அதன் மேடு பள்ளங்களை அளந்து படமாக வைத்திருக்க வேண்டும்.

தாமிரபரணியின் நிலையைச் சற்றே கவனிப்போம். அந்நதி பிறக்கும் பொதிகையில் அகஸ்தியர் சிகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,860 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ளது. அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 25 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள அம்பாசமுத்திரமோ 100 மீட்டர் உயரங்கூட இல்லை. அதாவது, மலையில் விழுந்த நீர் ஏணிப்படியில் உருட்டிவிட்ட குடம் போலக் கீழே வந்து விடுகிறது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே புன்னைக்காயல் கடல்முகம் வரையில் மிச்சமுள்ள நீண்ட தூரத்துக்கு நதிக்குக் கிடைப்பது அந்த 100 மீட்டருக்கும் குறைந்த சரிவுதான். மலையில் பாய்ந்து வந்த நீர் சமவெளியில் நின்று, பரந்து, தேங்குகிறது. போதாக்குறைக்குக் கடனா, பச்சையாறு, மணிமுத்தாறு, சிற்றாறு என்று உபநதிகள் ஒவ்வொன்றும் தத்தம் மலையின் ஜலத்தைத் தத்தம் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்தால் அது ஒரு வெள்ளம். சில மணி நேரம் முன்பின்னாகச் சேர்ந்தால் அது வேறொரு வெள்ளம்.

இந்த நேரக் கணக்குத்தான் திடீர் வெள்ளத்தின் உயிர்நாடி. ஒரு வடிநிலத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி அதன் வாயில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணக்கிட அமெரிக்காவில் கிர்பிச் என்னும் என்ஜினீயர் 1940-ல் ஒரு சூத்திரம் வகுத்தார். டென்னஸியிலிருந்த சிறு விவசாய வடிநிலங்களின் அளவுகளைக் கொண்டு பிறந்த சூத்திரம் அது. எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாதென்றாலும் முதற் கணக்குக்கு இன்றும் உபயோகப்படுகிறது. அதற்கு வேண்டியவை இரண்டே: ஓடையின் நீளமும் சரிவும். 5 கிலோ மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடை 1,000 மீட்டர் இறங்குமானால் அந்தத் துளி வந்து சேர ஏறக்குறைய 25 நிமிஷம் ஆகும் என்கிறது சூத்திரம். அதே 5 கிலோ மீட்டர் ஓடை சமவெளியில் 5 மீட்டர் மாத்திரமே இறங்கினால் மூன்று மணிக்கும் மேல் ஆகும். மழை ஒன்றுதான், ஓடையின் நீளமும் ஒன்றுதான். சரிவு மாறியதனால் ஓரிடத்தில் ஓடித் தப்ப அவகாசமுண்டு, மற்றோரிடத்தில் இல்லை.

2024-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, சிற்றாற்று வடிநிலத்தைச் சேர்ந்த பழைய குற்றாலத்தில் நேர்ந்தது இதற்கு உதாரணம். கோடை விடுமுறையில் ஜனங்கள் அருவியில் குளித்துக் கொண்டிருந்தார்கள். மேலே மலையில் பெய்த மழை திடீரென்று காட்டாற்று வெள்ளமாக இறங்கிற்று. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு மாணவனை வெள்ளம் அடித்துக் கொண்டு போயிற்று. அருவிக்கு மேலே வடிநிலம் எவ்வளவு, அதன் சரிவு எவ்வளவு, மழை தொடங்கிய எத்தனையாவது நிமிஷத்தில் நீர் கீழே இறங்கும் என்பவையெல்லாம் மேஜை முன் உட்கார்ந்தபடியே கணக்கிடக் கூடியவை. அந்தக் கணக்கு கையிலிருந்தால், மலைமேல் ஒரு மழைமானியும் கீழே ஒரு சங்கும் வைப்பது பெரிய காரியமா?

இனி, நிலத்தை அளந்த கதைக்கு வருவோம். இதில் நமது நாட்டுக்குப் பெருமைப்படவும் வெட்கப்படவும் இடமிருக்கிறது. 1802-ம் வருஷம் லாம்ப்டன் என்னும் வெள்ளைக்காரத் தளபதி சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மகத்தான கைங்கர்யத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றிய அவரது கோணமானி கயிறறுந்து மோதிச் சேதமுற்றது. அதைத் தம் கையாலேயே செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். 1809-ல் பாளையங்கோட்டைக்கு அருகிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. ஆகவே தாமிரபரணிக் கரையில் நில அளவை என்பது நேற்று வந்த விஷயமன்று. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாருக்காக அளந்தார்கள் என்று கேட்டால், கும்பினியாருடைய படைக்கும் வரிக்கும்தான். குடியானவனுக்காக அன்று.

சுதந்தரம் வந்தது. அளவைக்காரர்களின் நோக்கம் மாறியிருக்க வேண்டும். ஆனால் எல்லைக்கும் கடற்கரைக்கும் 50 மைல் அகலத்துக்குட்பட்ட விவரமான படங்கள் ரகசியம் என்ற விதி நெடுங்காலம் அமுலில் இருந்தது. சத்துருக்கள் கண்டுவிடுவார்கள் என்பது காரணம். தூத்துக்குடி ஜில்லா அனேகமாக முழுவதும் அந்த 50 மைலுக்குள் அடக்கம். தன் ஊர் எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துகொள்ள ஆத்தூர்க்காரனுக்குப் பாத்தியமில்லை என்பதே இதன் தாத்பரியம். 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதத்திலோ, அமெரிக்கருடைய எண்டவர் விண்கலம் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டின் இரு முனைகளிலும் ரேடார் கருவிகளைத் தாங்கிக்கொண்டு பதினோரு நாளில் உலகத்து நிலத்தில் ஐந்தில் நாலு பங்கின் உயரத்தை அளந்து கொண்டு போயிற்று. பிறகு அந்தக் கணக்கை உலகத்தார் யாவருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். நம் சர்க்கார் பூட்டி வைத்திருந்த பொதிகையின் உயரத்தை நாம் பிற தேசத்தாரிடமிருந்து தெரிந்துகொண்டோம்! 2005-ல் நமது கார்ட்டோசாட் செயற்கைக் கோள் மேலே சென்ற பின் நமது கணக்கே நமக்குக் கிடைத்தது என்பது ஆறுதல். 2021 பிப்ரவரியில் படம் வரைவதற்கு முன் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு பெரிதும் நீங்கிற்று. நல்ல காரியம் தாமதமாக நடந்தாலும் அதை நல்லதென்றே நாம் சொல்லுவோம்.

இந்த உயரக் கணக்கைக் கொண்டு வெள்ளத்தை எப்படி ஆராய்கிறார்கள்? முறை எளிதுதான். நிலத்தை 30 மீட்டர் சதுரமுள்ள கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதிக்கொள்ள வேண்டியது. ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 1,100-க்குச் சற்று மேற்பட்ட கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் விழும் நீர் அதைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களில் எதனிடத்தில் மிகச் சரிவாக இறங்குமோ அதில் இறங்கும். இப்படியே கணிப்பொறி கட்டம் கட்டமாகத் தொடர்ந்து சென்றால், எந்த ஓடைக்கு எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேருகிறது என்பது தானே விளங்கிவிடும். பிறகு ஒவ்வொரு வீட்டடியும் தன் நீர் வடியும் ஓடையின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்திலிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அமேசான் காட்டை ஆராய்ந்த பிரேஸில் தேசத்து விஞ்ஞானிகள் பிரசித்தப்படுத்திய முறை இது. கடல் மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் என்று சொன்னால் ஒரு குடியானவனுக்கு என்ன தெரியும்? ஓடைக்கு மேல் இரண்டு மீட்டர் என்று சொன்னால் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் நம் நாட்டுக்கு இம்முறையை அப்படியே இறக்குமதி செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நாம் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறோம். கட்டத்துக்குக் கட்டம் நீர் இறங்கிச் செல்லும்போது நாற்புறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த ஒரு குழி வந்தால் கணிப்பொறிக்கு மேலே போக வழி தெரியாது. ஆகையால் இத்தகைய குழிகளை அளவையில் நேர்ந்த பிழை என்று கொண்டு, முதலிலேயே அவற்றை நிரப்பிச் சமன் செய்து விடுவது வழக்கம். மற்ற தேசங்களில் அது பெரும்பாலும் பிழையாகவே இருக்கலாம். பாண்டி நாட்டில் அந்தக் குழிக்குப் பெயர் குளம்! நம் முன்னோர்கள் கரை கட்டி, மடை வைத்து, மறுகால் அமைத்து, ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்கு நீர் போகும்படி சங்கிலித் தொடராக வெட்டி வைத்த நீர்நிலைகளைப் பிழை என்று தூர்த்துவிட்டு வரையும் படம் யாருக்குப் பயன்படும்? 2023 டிசம்பரில் ஊர்களை மூழ்கடித்ததில் ஆற்றுக்கு எவ்வளவு பங்கோ உடைந்த குளங்களுக்கும் அவ்வளவு பங்குண்டு. மேல் குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ்க் குளத்தின் மேல் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. கீழ்க் குளம் எப்படித் தாங்கும்? தூத்துக்குடி நகரத்தாருக்குக் கோரம்பள்ளம் குளம் கற்பித்த பாடம் இது.

மேலும் குளத்துக் கரையின் உயரம் எவ்வளவு? பத்தடி, பன்னிரண்டு அடி. விண்வெளியிலிருந்து எடுத்த இலவசக் கணக்கில் வரக்கூடிய பிழையே அதற்கு மேற்பட்டது. ரேடார் கதிர் அடர்ந்த காட்டில் மரத்தின் தலையைத் தரை என்று எழுதிக் கொள்ளும். வாழைத் தோட்டத்திலும் அந்தக் கோளாறு உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் வாழை எவ்வளவு என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ரெயில்வேக் கரையும், உயர்த்திப் போட்ட தார் ரோடும் வெள்ளத்துக்கு அணைக்கட்டு ஆகின்றன; அவற்றின் அடியிலுள்ள மதகுக் கண் படத்தில் தெரிவதில்லை. பழைய காகிதப் படங்களிலோ வழக்கமாக 20 மீட்டருக்கு ஓர் உயரக் கோடு. சமவெளியில் 10 மீட்டருக்கு ஒன்று போட்டாலும், அம்பாசமுத்திரத்திலிருந்து கடல் வரையில் பத்துக் கோடு வராது. ஓர் அடி உயரத்தில் உயிரும் சாவும் நிர்ணயமாகிற பூமியில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிகரங்களின் சரிவைக் கணக்கிட 30 மீட்டர் கட்டம் போதும். குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் அது உதவும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் உதவாது. சமவெளிக்கு விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி அளக்கும் முறைதான் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சர்க்காரே வாக்களித்திருக்கிறார்கள். 2022-ல் மத்திய சர்க்கார் பிரகடனம் செய்த தேசிய புவிசார் தகவல் கொள்கையில், 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் நுட்பத்திலும் மலைகளுக்கு 1 முதல் 3 மீட்டர் நுட்பத்திலும் தேச முழுவதுக்கும் உயரக் கணக்கு தயாரிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தால் நாசமுற்ற பின் சென்னை மாநகருக்கென வெள்ளத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாடொன்று செய்யப்பட்டது. தலைநகரில் பத்திரிகைகள் இருக்கின்றன, மந்திரிகள் இருக்கிறார்கள். முதலில் அங்கே செய்தது இயற்கைதான். ஆத்தூரிலும் ஏரலிலும் மந்திரிகள் வசிப்பதில்லை என்பதற்காக அவ்வூர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டுமா என்பதே நமது கேள்வி.

2020 அக்டோபரில் இந்திய வானிலை இலாகா தெற்காசிய நாடுகளுக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை முறை ஒன்றை ஏற்படுத்திற்று. இந்தியாவோடு நேபாளம், பூட்டான், வங்காள தேசம், இலங்கை ஆகியவையும் அதில் சேர்ந்தவை. மண்ணின் ஈரத்தையும் நிலத்தின் சரிவையும் மழையையும் சேர்த்துக் கணக்கிட்டு, 6 மணி நேரத்துக்கு முன் ஒருவகை எச்சரிக்கையும் 24 மணி நேரத்துக்கு முன் மற்றொருவகை எச்சரிக்கையும் தருவது அதன் நோக்கம். கணக்கின் கட்டம் 4 கிலோ மீட்டர் சதுரம். நல்ல முயற்சி என்பதில் சந்தேகமில்லை. 16 சதுர கிலோ மீட்டருக்குள் இரண்டு மூன்று கிராமங்களும், அவற்றின் மேடும் பள்ளமும், குளங்களும் அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்த எச்சரிக்கையைத் தெருவுக்குக் கொண்டு சேர்ப்பது ஜில்லா அதிகாரிகளின் கையிலுள்ள படத்தைப் பொறுத்தது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2021-ம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு, அணைக்குச் சொந்தக்காரராயிருப்பவர் அவசர காலத் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்கிறது. வெள்ளம் சூழக்கூடிய பிரதேசங்களின் படமும் அதில் சேர்ந்தது. சட்டம் அமுலுக்கு வரும் முன்பே கட்டப்பட்ட அணைகளுக்கு ஐந்து வருஷ அவகாசம். சட்டம் அமுலுக்கு வந்தது 2021 டிசம்பர் 30-ந் தேதி. தவணை முடிவது 2026 டிசம்பர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு இது பொருந்தும். தவணைக் கடைசி நாளில் ஒரு கட்டுக் காகிதத்தைத் தாக்கல் செய்து அலமாரியில் வைத்துவிட்டால் சட்டத்தின் எழுத்து நிறைவேறியதாகலாம். படத்தைக் கீழ்க்கரைக் கிராமத்தான் பார்க்காத வரையில் அதன் கருத்து நிறைவேறாது. தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்தது. கேளாமலே வெளியிட வேண்டிய விஷயங்கள் இன்னவையென்று அதன் 4-வது பிரிவு கூறுகிறது. தன் வீட்டு வாசலில் எத்தனை அடி ஜலம் நிற்கும் என்பதைவிடக் குடிமகன் கேளாமலே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு என்ன இருக்கிறது?

படம் வரைந்துவிட்டால் வெள்ளம் நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. நிலத்தின் படம் மழையை அறியாது. 2023-ல் பொதிகையைக் காட்டிலும் கடற்கரைச் சமவெளியில் அத்தனை மழை கொட்டும் என்று எந்தச் சரிவுக் கணக்கும் சொல்லியிராது. மலைச்சரிவை மாத்திரம் பார்த்துச் சிவப்பு வர்ணம் பூசும் படம் காயல்பட்டினத்துக்குப் பச்சை வர்ணம் பூசியிருக்கும். அத்தகைய படத்தை நம்பி உறங்குவது படமே இல்லாமலிருப்பதைவிடக் கேடு. ஆகவே வரைந்த படத்தை நடந்த வெள்ளத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டியது அவசியம். அங்கேதான் நமது தொண்டர்களுக்கு வேலை இருக்கிறது.

மருதூர் அணைக்கட்டிலிருந்து புன்னைக்காயல் வரையில் இரு கரையிலுமுள்ள ஊர்களில் ஒவ்வொரு குளத்தின் கரை மட்டமும், மறுகால் மட்டமும், பாலங்களின் கண்ணும், ரெயில்வே மதகுகளின் அகலமும் அளக்கப்பட வேண்டும். இதற்குச் செயற்கைக் கோள் வேண்டாம். மட்டக் கருவியும் நாலு வாலிபர்களும் நீர்பாய்ச்சிகளின் ஞாபகமும் போதும். எந்த மறுகால் எந்த வருஷம் அடைபட்டது, எந்த ஓடைமேல் யார் மனை போட்டார்கள் என்பது அந்த நீர்பாய்ச்சிகளுக்கு மனப்பாடம். அத்துடன் மிக அவசரமான வேலை ஒன்றுண்டு. 2023 டிசம்பரில் வெள்ளம் எட்டிய உயரம் வீட்டுச் சுவர்களிலும் கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் மதில்களிலும் சேற்றுக் கோடாகப் படிந்திருந்தது. எந்த விமானமும் எந்தக் கணிப்பொறியும் தர முடியாத அளவை அது. அதற்குப் பின் பொங்கல்கள் வந்து போயின. வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கோடு மறைந்த வீட்டிலும் ஜலம் எங்கே நின்றது என்பதை வீட்டுப் பெண்கள் கைவைத்துக் காட்டுவார்கள். அதை அடிக்கோலால் அளந்து, தெருப் பெயரோடு தேதியும் போட்டு, ஒரு பிரதி கலெக்டர் கச்சேரிக்கும் ஒரு பிரதி பஞ்சாயத்துக்கும் கொடுக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் இதை முடிக்க முன்வரும் ஊர்களின் பெயர்களை இப்பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.